இடிப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

பி பிளாக் வீட்டுக்காரர்களுக்கு,

மூன்று வாரமாக லிஃப்டுக்குள் பிளைவுட் வாடை. பார்க்கிங்கில் உடைத்த டைல்ஸ் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. காலையில் பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்தால் மேல் மாடியில் டிரில்லிங் ஆரம்பித்துவிடுகிறது. புகார் சொல்ல எழுதவில்லை. போன வருடம் என் வீட்டுச் சத்தத்தை நீங்கள் எல்லோரும் பொறுத்துக்கொண்டவர்கள்தானே.

நம் கட்டடத்து அடுப்படிகள் எல்லாம் ஒரே வருடம் பிறந்தவை. எட்டுக்குப் பத்து அறை, எல் வடிவ மேடை, கறுப்பு கிரானைட், கீழே கடப்பாக் கல் தட்டு, மேலே ஒரு பரண். இருபது வருடம் தாண்டியதில் எல்லாவற்றுக்கும் சேர்ந்தாற்போல மூட்டுவலி வந்துவிட்டது. ஆளாளுக்கு இடிக்கிறோம். போன வாரம் மட்டும் நாலு பேர் என்னை மாடிப்படியில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “அக்ரிலிக் போடலாமா, மைக்கா போதுமா?” படியில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. தவிர, கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வியும்கூட. அதனால்தான் இந்த மடல்.

எனக்கு மரவேலை தெரியாது. ஒரே அடுப்படியை இரண்டு முறை மாற்றியவள் என்ற தகுதி மட்டும் உண்டு. முதல் முறை 2016-ல். ஷோரூமில் ஒயின் சிவப்பு நிறத்தில் ஒரு மாதிரி அடுப்படி வைத்திருந்தார்கள். மேலே வரிசையாக விளக்கு. கதவில் என் முகம் தெரிந்தது, புடவைக் கரை தெரிந்தது. அதிலேயே விழுந்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி எதனால் ஆனது என்று கேட்டேனா? கேட்டேன். “இன்ஜினியர்டு வுட், மேடம்” என்றார் கடையில் இருந்த தம்பி. இன்ஜினியர் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் ஊர்க்காரருக்கு வருகிற மரியாதை எனக்கும் வந்துவிட்டது. அவர் அந்தப் பெயரில் சொன்னது மரத்தூளும் சிராயும் பசையில் குழைத்து அழுத்திய பலகையைத்தான் என்று பிறகு தெரிந்தது.

நாலே வருடம். சிங்குக்குக் கீழே இருந்த அடித்தட்டு டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊதிவிட்டது. ஊதிய பலகையில் திருகு நிற்காது. கீல் கழன்று கதவு ஒரு பக்கம் தொங்க ஆரம்பித்தது. அடுப்புக்கு மேலே இருந்த பெட்டியின் அடி விளிம்பில் குக்கர் ஆவி பட்டுப் பட்டு, ஒட்டியிருந்த பட்டி உதடு பிதுங்கியது. இதெல்லாம் போக, அந்தச் சிவப்புக் கதவில் தினமும் விரல் தடம். நம் போர் தண்ணீரின் உப்பு வேறு, சொட்டுச் சொட்டாக வெள்ளைப் புள்ளி வைத்தது. அதைத் துடைத்த நேரத்தில் எத்தனையோ வற்றல் குழம்பு வைத்திருக்கலாம்.

போன வருடம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடச் சொன்னேன். வேலைக்கு வந்தவர் வயதான ஆசாரி. பிடுங்கிய பலகைகளைப் பால்கனியில் இரண்டு குவியலாக அடுக்கினார். ஒன்று உளுத்தது, இன்னொன்று நல்லது. உளுத்த குவியல் என் முழங்கால் உயரம்கூட இல்லை. நல்ல குவியல் ஜன்னலை மறைத்தது. “இதை எல்லாம் ஏம்மா ஒடைக்கச் சொன்னீங்க?” என்று கேட்டார். சிங்குக்குக் கீழே, அடுப்புக்கு மேலே, டிஷ்வாஷருக்குப் பக்கத்தில் என மூன்றே இடத்தில்தான் பலகை செத்திருந்தது. சுவரோரம் நின்ற உயரமான மளிகை அலமாரி, அதே மரத்தூள் பலகைதான், முந்தாநாள் வந்தது போல இருந்தது.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். அடுப்படி ஒரே இடம் இல்லை. அதற்குள் கடற்கரையும் இருக்கிறது, பாலைவனமும் இருக்கிறது. ஒரே பொருளை, ஒரே மெருகை எல்லா இடத்திலும் இழைக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. எந்த இடத்துக்கு எது வேண்டும் என்பதை உங்கள் பழைய அடுப்படி இருபது வருடமாக எழுதி வைத்திருக்கிறது. இடித்துவிட்டால் அந்தக் கணக்கும் போய்விடும்.

ஆகவே இன்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் செல்போன் டார்ச்சோடு உட்காருங்கள். சிங்குக்குக் கீழே தலையை விடுங்கள். குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள், கறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? அடுப்புக்கு மேலே உள்ள பெட்டியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். பிசுக்கு எதுவரை வருகிறது? எந்தக் கதவின் பிடியில் பெயின்ட் போயிருக்கிறது? அதைத்தான் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறக்கிறீர்கள். எந்தக் கதவு புத்தம் புதிதாக இருக்கிறது? அங்கே உங்களுக்கு அலமாரியே தேவையில்லையோ என்னவோ. என் வீட்டு மூலைப் பெட்டிக்குள் 2018 தீபாவளிக்கு வந்த ஒரு டப்பா, சுற்றிய காகிதத்தோடு அப்படியே இருந்தது.

இப்படி இடம் பார்த்துப் பொருள் போடுவது புதிது இல்லை. இன்றைய மாடுலர் அடுப்படிக்கு முன்னோடி என்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1926-ல் வடிவமைத்த ஒன்றைச் சொல்வார்கள். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னா நகரத்துப் பெண் கட்டடக்கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வரைந்தது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். எனக்கு அதில் பிடித்தது அளவு இல்லை. மாவு வைக்கிற இழுப்பறைக்கு மட்டும் ஓக் மரம் போட்டார். அதில் புழு அண்டாது என்று. காய் நறுக்குகிற பலகைக்கு பீச் மரம். அரிசி, சர்க்கரை போன்ற உலர்ந்த சாமான்களுக்கு மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள், உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் சாய்க்கலாம். இடத்துக்கு ஒரு பொருள். நூறு வருடம் கழித்து நாம் ஒரே கேட்லாக் பக்கத்தைக் காட்டி “இதே மாதிரி எல்லாம்” என்கிறோம்.

சரி, பெட்டிக்கு வருவோம். சிங்குக்குக் கீழே, பாத்திரம் கழுவுகிற பக்கம், இந்த இடங்களுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் கேளுங்கள். மரைன் பிளை என்று கடையில் சொல்வார்கள். கொதிக்கிற தண்ணீரில் 72 மணி நேரம் போட்டும் பசை விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. முத்திரை பலகையின் மேலேயே இருக்கும். பில்லில் இருந்தால் போதாது, பலகையில் பாருங்கள், மைக்கா ஒட்டுவதற்கு முன்பே பாருங்கள். ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் நல்ல பலகைதான். இன்னொன்று: எவ்வளவு உசத்தியான பிளையாக இருந்தாலும் குழாய்க்காக ஓட்டை போடுகிற இடத்தில் வெட்டு வாய் பச்சையாகவே நிற்கும். தண்ணீர் அங்கேதான் நுழையும். வெட்டு வாயில் பெயின்டோ சிலிக்கானோ பூசச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. நின்று பார்த்தால் செய்வார்கள், இல்லாவிட்டால் சாப்பிடப் போய்விடுவார்கள்.

பி.வி.சி. பலகை தண்ணீருக்கு அசையாது. ஆனால் திருகுப் பிடிப்பு குறைவு, அடுப்புச் சூடு ஆகாது, நீளமான தட்டில் பாரம் வைத்தால் நடுவில் தொய்யும். சிங்குப் பெட்டிக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம். ஈரம் படாத மளிகை அலமாரிக்கு மரைன் பிளை போட்டுக் காசைக் கரியாக்க வேண்டாம். அங்கே சாதாரணப் பலகையே உழைக்கும் என்பதற்கு என் பால்கனிக் குவியல் சாட்சி.

தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் வீடுகளில் முழங்கால் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு கட்டில், பீரோ, சோபா எல்லாம் குப்பை லாரியில் ஏறின. கடப்பாக் கல் தட்டுகளை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அன்றைக்கே சமைத்தீர்கள். அதை மறந்துவிட்டு இப்போது கல்லை உடைத்துப் பலகைப் பெட்டி வைக்கப் போகிறீர்களே? கல் தட்டை அப்படியே விட்டுவிட்டு, முன்பக்கம் அலுமினியச் சட்டம் போட்டுக் கதவு மட்டும் மாட்டலாம். இழுப்பறை வேண்டும் என்கிற இரண்டு கண்ணறையில் மட்டும் பெட்டி செருகலாம். ஷோரூம்காரர் முகம் சுளிப்பார். கண்ணறைகள் ஒரே அளவாக இருக்காது, அவருடைய ஆயத்த அளவுக்குப் பொருந்தாது, அவருக்குப் பாதி வியாபாரம் போகும். அது அவர் கவலை.

இனி நீங்கள் கேட்ட கேள்வி, அக்ரிலிக்கா மைக்காவா.

முதலில் மைக்காவில் மைக்கா கிடையாது. 1912-ல் அமெரிக்காவில் இரண்டு பொறியாளர்கள் மின்கருவிகளில் காப்புக்காக வைத்துவந்த காக்காப்பொன்னுக்கு, அதாவது நிஜ மைக்காவுக்கு, மாற்றாக ஒரு தகட்டைச் செய்தார்கள். மைக்காவுக்குப் பதில் என்ற பொருளில் ஃபார்மைக்கா என்று பெயர் வைத்தார்கள். பிறகு நம் நாட்டில் சன்மைக்கா என்ற பிராண்டு வந்தது. ஆசாரிகள் வாயில் முன்பாதி உதிர்ந்து மைக்கா நின்றுவிட்டது. பசையில் ஊறிய பழுப்புக் காகித அடுக்குகள், அதன் மேல் நிறமோ மரவரியோ அச்சிட்ட ஒரு காகிதம், எல்லாவற்றையும் சூட்டில் அழுத்தினால் லாமினேட். ஷோரூமில் லாமினேட் என்றும் பட்டறையில் மைக்கா என்றும் சொல்வது ஒரே பொருளைத்தான். வெளிப்பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கனம் கேளுங்கள்.

என் கணக்கில் நம் சமையலுக்கு அதுதான் முதல் பெஞ்சுப் பிள்ளை. கீறல் தாங்கும், சூடு ஓரளவு தாங்கும், ஒரு கதவு போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். பலவீனம் விளிம்பில்தான். ஆகவே விளிம்புப் பட்டி இரண்டு மில்லிமீட்டர் கனத்தில், மெஷினில் ஒட்டியதாக இருக்கட்டும். கையால் தேய்த்து ஒட்டியது ஆவிக்கு நிற்காது.

அக்ரிலிக் பளபளப்பு அழகுதான், மறுக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் எளிதில் போகும். ஆனால் துடைப்பது யார் என்று யோசியுங்கள். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரிலேயே கதவையும் ஒரு இழுப்பு இழுப்பதுதான் நம் எல்லோர் வீட்டிலும் நடப்பது. ஆறே மாதத்தில் வெளிச்சம் சாய்வாக விழுகிற நேரத்தில் வட்டம் வட்டமாகக் கீறல் தெரியும். மெம்ப்ரேன் என்று ஒன்று காட்டுவார்கள், எம்.டி.எஃப். பலகை மேல் பி.வி.சி. படலம் சுற்றியது. வளைவு, பூ வேலைப்பாடு எல்லாம் வரும், விலையும் இறங்கும். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம், சூட்டில் தோல் உரியும். பி.யூ. பெயின்ட் பார்க்கப் பட்டு. விளிம்பில் அடிபட்டால் பெயரும், ஆனால் திரும்ப அடிக்க முடியும். வெள்ளை நிறம் நாளாக ஆக மஞ்சளாகிவிடலாம். அடுப்புக்கு நேர் மேலே உள்ள இரண்டு கதவுக்கு நான் போட்டது அலுமினியச் சட்டத்தில் பின்பக்கம் வண்ணமடித்த கண்ணாடி. தாளிப்பு எவ்வளவு தெறித்தாலும் ஈரத்துணியில் ஒரே துடைப்பு. முழு அடுப்படிக்கும் கண்ணாடி போட்டால் விலையும் கனமும் தாங்காது. இரண்டு கதவு தாங்கும்.

நிறத்துக்கு நான் செய்த பரீட்சையைச் சொல்கிறேன். கடையில் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டுகள் தருவார்கள். நாலு வாங்கி வந்தேன்: வெள்ளை மேட், வெள்ளை கிளாஸ் (பளபளப்பு), மரவரி போட்ட சொரசொரப்பு, மணல் நிறத்தில் வழவழ மேட். நாலிலும் மஞ்சள்தூள் குழைத்த நல்லெண்ணெய் ஒரு சொட்டு, முந்தின நாள் சாம்பார் ஒரு சொட்டு, தோசைமாவு ஒரு சொட்டு. ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் கழுவினேன். கிளாஸ் துண்டு கறையே இல்லாமல் வந்தது. வெள்ளை மேட் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நின்றது. மரவரித் துண்டில் மாவு வரிக்குள் காய்ந்து உட்கார்ந்துவிட்டது, பல் துலக்கும் பிரஷ் எடுக்கவேண்டியதாயிற்று. மணல் நிறத்தில் லேசாக ஒரு நிழல், தேடினால்தான் தெரியும். ஆறுதலாக ஒன்று: வெள்ளை மேட் துண்டை இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் வைத்தேன், கறை வெளுத்துவிட்டது. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற குர்க்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். ஆனால் அடுப்படியைக் கழற்றி வெயிலில் வைக்க முடியாதே. கீழ்ப் பெட்டிகளுக்கு மணல் நிறம் என்று முடிவு செய்தேன். அடர்நிறக் கிளாஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு கறுப்புக் கிளாஸ் போட்டவர்கள் ஜே பிளாக்கில் இரண்டு பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

கதவின் பாணிக்கு அதிகம் சொல்வதற்கு இல்லை. இப்போது எல்லோரும் ஷேக்கர் கேட்கிறார்கள், சுற்றிலும் சட்டம் வைத்து நடுவில் பள்ளமான பலகை. ஷேக்கர்கள் அமெரிக்காவில் அலங்காரமே கூடாது என்று வாழ்ந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர், அவர்கள் தச்சுவேலையிலிருந்து வந்த வடிவம். பாவம், அவர்கள் கடுகு தாளிக்கவில்லை. அந்தப் பள்ளத்தின் கீழ் விளிம்பில் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒரு கோடு போடும். ஆசையாக இருந்தால் அடுப்பிலிருந்து தள்ளி இருக்கிற பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிடி இல்லாத கதவும் அப்படித்தான். மாவுக்கையோடு விரலை விட்டு இழுக்கவேண்டிய பள்ளத்தில் மாவுதான் சேரும். நீட்டிக்கொண்டிருக்கிற பிடியோ நைட்டி பாக்கெட்டை மாட்டிக் கிழிக்கும், எனக்கு இரண்டு போயிற்று. முனை உள்பக்கம் வளைந்த பிடியாக வாங்குங்கள், கைத்துணி தொங்கப் போடவும் ஆகும்.

அழகுக்குச் சம்பந்தம் இல்லாத இரண்டு விஷயம், ஆனால் விடமுடியாது. மேடை உயரம் 34 அங்குலம் என்று யாரும் கேட்காமலே போட்டுவிட்டுப் போவார்கள். முழங்கையை மடக்கி நில்லுங்கள், அதிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே இருக்கவேண்டும் மேடை. ஐந்தடி இருக்கிற எனக்கு 32 அங்குலமே போதும். நான்காம் மாடியில் சமைப்பது சார்தான், அவர் ஆறடி. அவருக்கு என் மேடையில் நின்றால் இடுப்பு போய்விடும். ஆக, அளவெடுக்க ஆள் வரும்போது வீட்டில் சமைக்கிறவர் இருக்கவேண்டும், பணம் கொடுக்கிறவர் மட்டும் இருந்தால் போதாது. அடுத்தது சிலிண்டர். அதை அழகாக மறைக்கிறேன் என்று காற்றே புகாத பெட்டிக்குள் அடைக்காதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கும். கதவின் கீழ்ப்பகுதியில் திறப்பு வைத்த ஜாலி இருக்கட்டும். மேலே மட்டும் ஓட்டை வைத்துவிட்டு “காத்து போகும்மா” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சாமி அலமாரியை அடுப்படியிலேயே வைத்திருக்கிறவர்கள் நம்மில் பாதிப் பேர். விளக்குக்கு மேல் இருக்கிற தட்டின் அடிப்பக்கம் கொப்புளம் போட்டிருக்கும், பாருங்கள். அந்த ஒரு தட்டுக்கு மட்டும் அடியில் ஸ்டீல் தகடு அடிக்கச் சொல்லுங்கள்.

விலை பற்றி ஒன்றே ஒன்று. ஒருவர் ரன்னிங் அடிக்குச் சொல்வார், இன்னொருவர் சதுர அடிக்குச் சொல்வார், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏமாறுவோம். பின்பலகை உண்டா, பரண் கதவு உண்டா, கீலும் சேனலும் எந்த வகை, இதையெல்லாம் ஒரே தாளில் எழுதித் தரச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். பின்பலகை இல்லாமல் சுவரையே முதுகாக விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அப்புறம் கரப்பான்களுக்குத்தான் கிரகப்பிரவேசம்.

கேட்டால் வந்து உங்கள் அடுப்படியை நானும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், மாலை நாலுக்கு மேல். என் பழைய சிங்குக் கதவும் அந்த ஊதிய அடித்தட்டும் இன்னும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன், பரீட்சை செய்த நாலு துண்டுகளும் அங்கேயே ஒரு கவரில் இருக்கின்றன. தட்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போகும். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரர் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு நடை ஏறி வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி, வலது பக்க வீட்டுக்காரி